டெட் விடுமுறையில் வியட்நாம்: ரத்து செய்ய வேண்டாம், டா நாங்கையும் ஹனோயையும் மட்டும் விட்டுவிடுங்கள்

கேள்வி: "2027 பிப்ரவரி 3 இரவு திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம். மொத்தம் 6 பேர், அப்பாவுக்கு 71 வயது. 5ஆம் தேதி டா நாங், 7ஆம் தேதி ஹனோய், 9ஆம் தேதி மறுபடி ஹோ சி மின் நகரம், 10ஆம் தேதி ஊர் என்று ஏஜென்ட் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அப்போது அங்கே புத்தாண்டு, ஊரே மூடிக் கிடக்கும் என்கிறாள் தோழி. ஏஜென்டோ திருவிழா சமயம், பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்கிறார். உள்நாட்டு விமானத்துக்கு இன்னும் பணம் கட்டவில்லை. விசா மூன்றே நாளில் வாங்கித் தருவாராம், ஆளுக்கு 6,500 ரூபாய். அப்பாவின் பாஸ்போர்ட் புதுப்பித்து வரத் தாமதமாகும் போலிருக்கிறது. அவருக்கு விசா வராவிட்டால் ஃபூ குவோக் தீவைச் சேர்த்துக்கொள்ளலாம், அங்கே விசா தேவையில்லை என்கிறார். பேசாமல் ரத்து செய்துவிடலாமா?" (திருச்சி வாசகி)

ரத்து செய்ய வேண்டாம், சகோதரி. ஹோ சி மின் நகரத்திலேயே, அதாவது அங்குள்ளவர்கள் இன்றும் வாய்நிறையச் சொல்லும் சைகோனிலேயே, ஆறு நாளும் இருங்கள். உள்நாட்டு விமானத்துக்குப் பணம் கட்டாமல் இருந்தீர்களே, அதுதான் இதில் நடந்த நல்ல காரியம்.

உங்கள் தோழி சொல்வது பாதி சரி. டெட் என்பது சந்திரக் கணக்கில் வரும் வியட்நாம் புத்தாண்டு, 2027இல் அதன் முதல் நாள் பிப்ரவரி 6, சனிக்கிழமை. 5ஆம் தேதி நள்ளிரவில் புது வருடம் பிறக்கிறது. வியட்நாமின் 2019 தொழிலாளர் சட்டத்தில் வருடத்துக்கு 11 நாள் பொது விடுமுறை, அதில் 5 நாள் டெட்டுக்கே போய்விடுகிறது. ஆனால் சனி ஞாயிறு, அதற்கு ஈடு விடுமுறை எல்லாம் சேர்ந்து அது நீண்டுகொண்டே போகும். 2025இல் ஜனவரி 25 முதல் பிப்ரவரி 2 வரை, 2026இல் பிப்ரவரி 14 முதல் 22 வரை, இரண்டு தடவையும் அரசு ஊழியர்களுக்கு 9 நாள். சின்னக் கடைக்காரர்களுக்கு அந்தக் கணக்கும் கிடையாது, சொந்த ஊரிலிருந்து திரும்பி, நல்ல நாள் பார்த்துத்தான் கடை திறப்பார்கள்.

இப்போது நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் பயணத்தையே கவிழ்க்கக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு முந்தின இரவு கிளாம்பாக்கம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சென்னையிலிருந்து மதுரைக்கு நிற்க இடமிருக்காது, மதுரையிலிருந்து சென்னைக்கு வருகிற பஸ் காற்று வாங்கும், பொங்கல் முடிந்ததும் அப்படியே தலைகீழ். சைகோனுக்குப் பிழைக்க வந்த மத்திய, வடக்கு மாகாணத்து ஜனங்கள் டெட்டுக்கு முன்பு வடக்கே போகிறார்கள், டெட் முடிந்ததும் தெற்கே திரும்புகிறார்கள். உங்கள் ஏஜென்ட் 5ஆம் தேதி சைகோனிலிருந்து டா நாங்குக்கு, அதாவது கூட்டத்தோடு கூட்டமாக வடக்கே அனுப்புகிறார், பிறகு ஹனோயிலிருந்து கூட்டம் திரும்ப ஆரம்பிக்கிற நேரமாகப் பார்த்துத் தெற்கே இழுக்கிறார். வருடத்திலேயே விலை அதிகமான திசை எதுவோ அதில் போகவர இரண்டு தடவை, ஆறு பேருக்கு. இதைத் தெரியாமல் செய்தாரென்றால் அவருக்கு வியட்நாம் தெரியாது, தெரிந்தே செய்தாரென்றால் கமிஷன் தெரியும். போதாததற்கு ஹனோயில் பிப்ரவரி மாதம் தூறலும் குளிருமாக இருக்கும், 71 வயதுக்காரருக்கு அது சுகப்படாது.

அடுத்து விசா. "மூன்று நாள்" என்ற வார்த்தையை வைத்துத்தான் வருடாவருடம் ஆட்களைப் பிடிக்கிறார்கள். அரசு சொல்வது மூன்று வேலை நாள். சனி ஞாயிறு கணக்கில் வராது, டெட் விடுமுறையும் வராது. ஜனவரி கடைசியில் விண்ணப்பித்துவிட்டு மாட்டிக்கொள்பவர்களிடம் "அவசர விசா" என்று நாலு மடங்கு, ஐந்து மடங்கு கறப்பார்கள். மின் விசாவை நீங்களே எடுக்கலாம், ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரைக்கும் தருகிறார்கள். 25 டாலர் என்பது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய், மிச்சம் நாலாயிரத்துக்கு மேல் எதற்கு என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அரசு இணையதளத்தின் முகவரி "டாட் கவ் டாட் விஎன்" என்றுதான் முடியும். தேடினால் முதலில் வந்து நிற்கிற, கொடியும் முத்திரையும் போட்ட, டாட் காம் என்று முடிகிற தளங்கள் எல்லாம் தனியார் கடைகள். அரசுத் தளமும் லேசுப்பட்டதில்லை, படத்தை ஏற்றினால் நிற்கும், பணம் கட்டும் பக்கத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், தப்பாக நிரப்பினால் கட்டிய காசு திரும்ப வராது. இத்தனை லட்சம் பேர் வருகிற நாடு இதை இன்னும் ஒழுங்காகச் செய்யாமல் வைத்திருப்பதால்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நம்மவர்கள் இடறி விழும் இடம் பெயர். நமக்கு இனிஷியல், அப்பா பெயர், பல பேருக்குக் குடும்பப் பெயர் கட்டமே காலி. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பத்தில் பாட்டியின் பெயரோடு யாரோ ஒரு தரகர் தாத்தா பெயரைத் தன் இஷ்டத்துக்குச் சேர்த்து நிரப்பிவிட்டார். பாஸ்போர்ட்டில் ஒன்று, விசாவில் ஒன்று. விமான நிலையத்தில் பாட்டியை ஏற்றவில்லை, அவருக்குத் துணையாக மகளும் நின்றுவிட்டார். பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி ஓடுகிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் எந்த எழுத்துகளோடு இருக்கிறதோ அதையே அச்சுப் பிசகாமல் போடுங்கள். ஒரு எழுத்துகூடச் சேர்க்க வேண்டாம். ஜனவரி 10க்குள் ஆறு பேருக்கும் விண்ணப்பித்துவிட்டால், ஏதாவது தப்பு நடந்தால்கூட இன்னொரு தடவை போடுவதற்கு நேரமிருக்கும். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்கு இன்றே தட்கலில் போங்கள்.

அந்த ஃபூ குவோக் கதையை நம்ப வேண்டாம். சலுகை உண்மைதான், வெளிநாட்டவர் 30 நாள் வரை விசா இல்லாமல் அந்தத் தீவில் தங்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து நேரே அந்தத் தீவில் இறங்க வேண்டும், அல்லது வேறொரு வியட்நாம் விமான நிலையத்தில் இறங்கினாலும் குடியேற்றக் கவுன்டரைத் தாண்டாமல் உள்ளேயே விமானம் மாறித் தீவுக்குப் போக வேண்டும், அங்கிருந்து கிளம்பும்போதும் வியட்நாமின் மற்ற பகுதிக்குள் கால் வைக்கக் கூடாது. உங்கள் கதைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். திருச்சி விமானம் சைகோனில் இறங்குகிறது. நீங்கள் ஐந்து பேரும் விசாவோடு கவுன்டரைத் தாண்டி வெளியே போவீர்கள், அப்பா தாண்ட முடியாது. கடைசி இரண்டு நாளுக்குத் தீவைச் சேர்த்தால் முதல் நான்கு நாள் அவர் எங்கே இருப்பார்? ஊருக்குள் தங்கப் போகிறவருக்குத் தீவின் சலுகை உதவாது. "ஃபூ குவோக் டிக்கெட் கையில் இருந்தால் விட்டுவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தர மாட்டார்.

சரி, சைகோனில் ஆறு நாள் என்ன செய்வது? 4, 5 தேதிகள்தான் அருமையான நாட்கள். நுயென் ஹுவே சாலை முழுக்கப் பூவாக நிற்கும், 2004 முதல் டெட்டுக்கு இதைச் செய்து வருகிறார்கள். தெற்கில் மஞ்சள் மாய் பூ, வடக்கில் இளஞ்சிவப்புப் பீச் பூ, இரண்டு பக்கமும் வாசலில் சின்ன ஆரஞ்சு காய்த்த தொட்டிச் செடி. குறுக்குச் சந்துகளில் நடந்தால் தகர டிரம்மில் விறகு மூட்டிப் பான் டெட் வெந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒட்டரிசிக்கு நடுவே பாசிப்பருப்பும் பன்றிக்கொழுப்பும் வைத்து, வாழையிலையில் உருளையாகச் சுற்றி, நாரால் இறுகக் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பது. வடக்கில் இதையே சதுரமாகக் கட்டிப் பான் சுங் என்பார்கள். ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். நள்ளிரவில் நகராட்சி வாணவேடிக்கை உண்டு, ஆனால் வீட்டு வாசலில் சரவெடி கிடையாது, 1995 முதல் தடை. அதனால் அப்பாவுக்குக் காதுத் தொல்லை இருக்காது.

6ஆம் தேதி காலை ஊர் அமைதியாகிவிடும். முதல் நாள் அப்பா வழி, இரண்டாம் நாள் அம்மா வழி, மூன்றாம் நாள் ஆசிரியர் என்று முறை வைத்துப் போய்ப் பார்ப்பார்கள். நாம் மாதா பிதா குரு என்கிறோம், அவர்கள் அப்பாவை முதலில் வைக்கிறார்கள், ஆசிரியருக்கு என்று தனியாக ஒரு நாளே வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். புத்தாண்டு முதல் நாளன்று முதலில் வீட்டுக்குள் காலடி வைப்பவரைப் பொறுத்துத்தான் அந்த வருடம் என்பது நம்பிக்கை, எனவே யாராவது அழைக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் படம் எடுக்க எட்டிப் பார்க்க வேண்டாம். கடைக்கும் அப்படித்தான். மோ ஹாங் என்பார்கள், நம்மூர் போணியேதான். புதுவருடத்தின் முதல் ஆளாகப் போய், பேரம் பேசிவிட்டு வாங்காமல் வந்தால் அந்த அம்மாள் முகம் வாடிப்போகும். வாங்குவதென்றால் மட்டும் விலை கேளுங்கள். பிள்ளைகளுக்கு யாராவது சிவப்பு உறையில் லீ சீ, அதாவது புத்தாண்டுக் காசு, கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், சந்திர மாதத்தின் முதல் நாளில் அங்கே நிறையப் பேர் சைவம்தான். பலகையில் 'சாய்' என்று எழுதியிருந்தால் சைவம், மீன் சாறுகூடச் சேராது. திறந்திருக்கும் உணவகங்களில் டெட் கூடுதல் கட்டணம் என்று 10, 20 சதவீதம் போடுவார்கள், உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பென் தான் சந்தையில் முதல் சில நாள் பெரும்பாலான கடை அடைத்திருக்கும். நகரின் நடுவிலேயே நம் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நகரத்தார் காலத்தது, இன்று அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாம்காரர்கள். புத்தாண்டில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரிக்கும் அளவுக்குக் கூட்டம் இருக்கும், அப்பாவைக் காலையிலேயே கூட்டிப்போங்கள்.

பணத்தை 4ஆம் தேதியே மாற்றிக்கொள்ளுங்கள். வங்கி மூடியிருக்கும், பணம் மாற்றித் தரும் நகைக்கடைகளும் மூடியிருக்கும், ஏடிஎம்மில் பணம் தீர்ந்துபோகும். 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலச் சாயல், இரண்டிலும் அதே ஹோ சி மின் முகம். இரவில் டாக்ஸிக்குள் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் 25 மடங்கு போச்சு. 5,00,000 நோட்டைத் தனிப் பையில் வையுங்கள்.

"வேறு எப்போது போகலாம்" என்று உங்கள் தோழி கேட்டால், நம் கோடை விடுமுறை தொடங்குகிற ஏப்ரல் கடைசியைத் தவிர்க்கச் சொல்லுங்கள். வியட்நாமின் ஆதி அரசர்களாகக் கருதப்படும் ஹுங் மன்னர்கள் நினைவு நாள் 2027இல் ஏப்ரல் 16, வெள்ளிக்கிழமை. ஏப்ரல் 30 என்பது 1975இல் போர் முடிந்த நாள், 2027இல் அதுவும் வெள்ளி. மே 1 சனியில் விழுவதால் திங்களும் ஈடு விடுமுறை. வீட்டுக்கு வீடு கொடி ஏற்றிவிட்டு எல்லோரும் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள், வுங் தாவ், நா திராங் எங்கும் அறை கிடைக்காது. செப்டம்பர் 2 தேசிய தினத்திலும் இதே கதை. இதில் எனக்கு ஆத்திரம் வருவது, விடுமுறையை மாற்றி அமைப்பதைக்கூடக் கடைசி நேரத்தில்தான் சொல்கிறார்கள். 2024இல் ஏப்ரல் 29ஐ விடுமுறையாக்கி அதற்குப் பதில் மே 4 சனிக்கிழமை வேலை நாள் என்று ஏப்ரல் மாதத்திலேதான் முடிவு செய்தார்கள். முன்கூட்டியே டிக்கெட் எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்?

இதற்கெல்லாம் பதிலாக நடு இலையுதிர் கால விழாவுக்குப் போகச் சொல்லுங்கள், 2027இல் அது செப்டம்பர் 15. அது பொது விடுமுறையே இல்லை, கடைகள் திறந்திருக்கும், விமானக் கட்டணம் ஏறாது. சைகோனின் சோலோன் பகுதியில் லுவோங் நு ஹோக் தெரு முழுக்கக் காகித விளக்குத் தொங்கும், பிள்ளைகள் மீன் வடிவ, நட்சத்திர வடிவ விளக்கைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். மாலையில் மழை வரும், குடை வேண்டும்.