உப்பு ஆய்வகத்தில் தானியங்கிக் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உப்பளம் ஒன்றின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அம்பாரத்திலிருந்து வரும் உப்பில் குளோரைடு, கால்சியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் கையால்தான், கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தரம் பார்க்கிறேன். நான் தரும் சோடியம் குளோரைடு சதவீதத்துக்கும் வாங்குபவரின் ஆய்வகம் தரும் சதவீதத்துக்கும் அடிக்கடி வித்தியாசம் வருகிறது. இந்த வேலையைத் தானே செய்யும் ஆட்டோ டைட்ரேட்டர் கருவியை வாங்கினால் இது தீர்ந்துவிடும் என்று முதலாளி நினைக்கிறார். தீருமா?
– ஆய்வக உதவியாளர், வாலிநோக்கம்

பதில்: கருவி வாங்குவது நல்லதே. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வித்தியாசம் அதனால் தீரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அளவு குறித்த கண்ணாடிக் குழாயான பியூரெட்டிலிருந்து விழும் ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மி.லி. இருக்கும். குளோரைடைத் தரம் பார்க்க 20 மி.லி. வெள்ளி நைட்ரேட் கரைசல் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சொட்டு கூடுதலாக விட்டாலும் பிழை கால் சதவீதம்தான். பல தானியங்கிக் கருவிகளில் 20 மி.லி. உருளையின் பிஸ்டனை மோட்டார் 10,000 படிகளாகவோ அதற்கும் நுட்பமாகவோ நகர்த்துகிறது. ஒரு படி என்பது 0.002 மி.லி. ஆகவே அந்தக் கால் சதவீதப் பிழையைக் கருவி பெருமளவு குறைத்துவிடும். ஆனால் உங்களுக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் பியூரெட்டில் பிறப்பதில்லை, அம்பாரத்தில் பிறக்கிறது.

உப்பு எடுத்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரில் மெக்னீசியம் குளோரைடு மிகுதி. வாரிய உப்பில் ஒட்டியிருக்கும் அந்த நீர், காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொண்டு மெல்லக் கீழே வடிகிறது. மழை பெய்தால் அம்பாரத்தின் மேற்புறம் இன்னும் நன்றாகக் கழுவப்பட்டுவிடுகிறது. இதனால் மேலே கைக்கு எட்டும் இடத்தில் அள்ளிய உப்பு சுத்தமாகவும், அடியில் கிடக்கும் உப்பு அதைவிட மெக்னீசியம் கூடியதாகவும் இருக்கும். நீங்கள் மேலே அள்ளி, அவர் லாரியில் வந்து இறங்கிய மூட்டையின் நடுவில் எடுத்தால், இருவரும் பார்ப்பது இரண்டு வேறு உப்பு. அம்பாரத்தின் பல ஆழங்களிலிருந்து எடுத்து, கலந்து, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி, சிறிய அளவு வரும்வரை இதையே திரும்பச் செய்யும் வேலையை நீங்கள் வாங்கவிருக்கும் கருவி செய்து தராது. முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள். விடை ஈர எடைக்கா, உலர் எடைக்கா என்பதையும் வாங்குபவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அயோடின் கலந்த உணவு உப்புக்கு விதிக்கப்பட்டுள்ள 96 சதவீதம் உலர் எடைக்கானது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெள்ளி நைட்ரேட் எந்தக் குளோரைடு என்று பார்ப்பதில்லை. மெக்னீசியம் குளோரைடில் உள்ள குளோரைடையும் அது சேர்த்தே வீழ்படிவாக்கும். அதைக் கழிக்காவிட்டால் ஒரு கிராம் மெக்னீசியம் குளோரைடு சுமார் 1.23 கிராம் உப்பாகக் கணக்கில் ஏறிவிடும். கால்சியம், மெக்னீசியம், சல்பேட் மூன்றையும் பார்த்து, எது எதனோடு சேர்ந்திருக்கிறது என்று பிரித்த பிறகே சோடியம் குளோரைடு சதவீதத்தைச் சொல்ல முடியும். கருவியின் திரையில் நான்கு தசம இடங்களுடன் ஓர் எண் வரும்போது இந்தக் கணக்கை மறந்துவிடும் ஆபத்து அதிகம் என்பதால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

அப்படியானால் கருவி எதற்கு? உங்கள் கண்ணுக்காகவும் உடல்நலத்துக்காகவும் வாங்கலாம். நிறமாற்றத்தைப் பார்த்துக் குளோரைடை அளக்கும் மோர் (Mohr) முறையில் மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறும் கணத்தை, மாலை வெளிச்சத்தில், இருபதாவது குடுவையில் பிடிப்பது கடினம். நிறங்காட்டியான பொட்டாசியம் குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். வெள்ளி மின்முனை வைத்த கருவி மின்னழுத்தம் சட்டெனத் தாவும் இடத்தை முடிவுநிலையாக, அதாவது வினை முடிந்த இடமாக, எடுத்துக்கொள்வதால் குரோமேட்டே தேவைப்படாது.

வாங்கினால் சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். மின்னழுத்தத்தை ஒப்பிட உதவும் ஒப்பு மின்முனையின் வெளி அறையில் பொட்டாசியம் நைட்ரேட் கரைசல் இருக்கட்டும். பொட்டாசியம் குளோரைடு இருந்தால் அது கசிந்து, நீங்கள் அளக்க வந்த குளோரைடையே கூட்டிவிடும். குழாயில் காற்றுக்குமிழி நின்றால் பிஸ்டன் நகர்ந்த அளவுக்குக் கரைசல் குடுவையில் விழாது, விடை கூடுதலாக வரும். காலையில் முதல் வேலையாகக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உலர்த்திய தூய சோடியம் குளோரைடைக் கொண்டு வெள்ளி நைட்ரேட்டின் திறனை அவ்வப்போது சரிபார்க்கும் வழக்கத்தையும் விட வேண்டாம். கடற்காற்று மின் இணைப்புகளைப் பச்சை பிடிக்க வைக்கும் ஊர் உங்களுடையது. கருவியைச் சன்னலோரம் வைக்காதீர்கள்.

கேள்வி: வேதியியல் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்லாம் தானியங்கியாகிவிட்டால், பிப்பெட்டும் பியூரெட்டும் பிடிக்கக் கற்றுக்கொள்வதால் என்ன பயன்?
– மாணவி, ராமநாதபுரம்

பதில்: பயன் உண்டு. அமெரிக்காவில் மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றிய லெனார்ட் ஸ்கெக்ஸ், இரத்தத்தில் யூரியா, சர்க்கரை போன்றவற்றை ஓயாமல் கையால் அளக்கும் சுமையைக் குறைக்க ஒரு கருவியை உருவாக்கினார். அது 1957-இல் விற்பனைக்கு வந்தது. மெல்லிய குழாயில் மாதிரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓட, இடையிடையே காற்றுக்குமிழி விட்டு ஒன்று மற்றொன்றோடு கலக்காமல் தடுத்தார். கடல்நீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் அளக்க இன்றும் அந்த வழி பயன்படுகிறது. அத்தகைய கருவி ஒரு நாள் திடீரென்று ஒவ்வாத எண்ணைக் காட்டினால், கரைசல் கெட்டதா, குழாய் அடைத்ததா, மாதிரிதான் அப்படியா என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவரே ஆய்வகத்துக்குத் தேவைப்படுகிறார். கையால் செய்து முடிவுநிலையைத் தாண்டிப் போன அனுபவம் உள்ளவருக்கு அந்தச் சந்தேகம் உடனே வரும். கூடவே கருவி காட்டும் எண்ணைச் செறிவோடு இணைக்கும் அளவுத்திருத்தக் கோட்டை விரிதாளில் வரையவும், தெரிந்த செறிவுள்ள மாதிரியை இடையில் ஓட்டிச் சரிபார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் கடற்பாசி வளர்த்துக் காயவைத்து விற்கிறோம். வியாபாரி ஒரு சிறு இயந்திரத்தில் பாசியை வைத்து ஈரம் இவ்வளவு என்கிறார். அதை நம்பலாமா?
– மகளிர் குழு உறுப்பினர், மண்டபம்

பதில்: அந்த இயந்திரம் விளக்கின் சூட்டில் பாசியை உலர்த்தியபடியே எடை பார்க்கும் தராசு. எடை குறைவது ஏறத்தாழ நின்றதும் தானாக நின்று, இழந்த எடையைச் சதவீதமாகக் காட்டும். முறை சரியானதுதான். ஆனால் தடித்த தண்டுகளை முழுதாகக் குவித்து வைத்தால் உள்ளே ஈரம் இருக்கும்போதே நின்று குறைவாகக் காட்டலாம். சூடு மிகுந்து பாசி கருகினால், கருகிப் போன எடையும் ஈரமாகக் கணக்காகி உங்களுக்கு நட்டம் வரும். சாக்கின் வாயில் மட்டும் எடுக்காமல் மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கி, தட்டில் மெல்லியதாகப் பரப்பச் சொல்லுங்கள். உங்கள் எதிரிலேயே இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களும் நெருங்கி வராவிட்டால், அல்லது தட்டில் கருகல் தெரிந்தால், அதே பாசியில் ஒரு பங்கை 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை உலர்த்திப் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று வியாபாரியிடம் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.