வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த கார் வாங்கினோம். வேகப் பலகையைக் கமெரா பார்த்து, வேகம் கூடினால் கத்துகிறது. ஆனால் காத்தான்குடி நெரிசலுக்குள் மூச்சே விடுவதில்லை. வெட்டை வீதியில் கத்துகிறது. "இந்தத் தொல்லையை நிப்பாட்டு" என்கிறார் அப்பா. நிப்பாட்டலாமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: அப்பாவின் எரிச்சல் நியாயம்தான். பிழையாகக் கத்தும் கருவியை யார் மதிப்பார்கள்? அந்தக் காரின் வரைபடம் ஜப்பானுக்கு மட்டும் உரியது. இங்கே அது கமெராவை மட்டுமே நம்பி ஓடுகிறது. நமது சட்டப்படி கார்களுக்கு ஊர்மனைக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70. அந்த 50ஐ எல்லா இடத்திலும் பலகை போட்டுச் சொல்வதில்லை. பலகை இல்லாவிட்டால் கமெராவும் பேசாது. வீதி வேலை நடந்த இடத்தில் கழற்றாமல் விட்ட பலகையைக் கண்டால், ஆளில்லாத வீதியிலும் கத்தும்.

முதலில் முன்கண்ணாடியைப் பாருங்கள். கமெரா இருப்பது நடுக்கண்ணாடிக்குப் பின்னால். அதற்கு நேரே சாமிப் படமோ, கறுப்பு ஃபில்ம் பட்டையோ, கடற்காற்றின் உப்புப் படலமோ இருந்தால் பலகையைத் தவறவிடும். முன்கண்ணாடி மாற்றிய கார் என்றால் கமெராவைக் கலிபிரேட் செய்தார்களா, அதாவது அதன் பார்வையைத் திரும்பச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். கண்ணாடியை ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவிடும் கராஜ்கள் உண்டு.

அதன் பிறகும் தொல்லை என்றால், பல மொடல்களில் சத்தத்தை மட்டும் நிறுத்தி, திரையில் எண்ணை மட்டும் காட்ட விடலாம். மெனு ஜப்பானிய மொழியில் இருந்தால் கவனம்: மோதலைத் தடுக்கும் தானியங்கி பிரேக்கும் பெரும்பாலும் அதே பக்கத்தில்தான் இருக்கும். தெரியாமல் அதையும் அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங்கில் ஸ்பீட் லிமிட்டர் (வைத்த வேகத்துக்கு மேல் போகாமல் தடுப்பது) பொத்தான் இருந்தால் இன்னும் நல்லது. ஊருக்குள் நுழையும்போது நீங்களே 50 வைத்துவிடலாம். பலகையும் வேண்டாம், சத்தமும் இல்லை.

கேள்வி: ஐரோப்பாவில் வேகம் கூடினால் எச்சரிக்கும் இந்தக் கருவி கட்டாயமாமே? முந்தும்போது கார் தானாகப் பிரேக் பிடித்தால் என்ன கதி? (அக்கரைப்பற்று)

பதில்: கட்டாயம்தான். 2022 ஜூலையிலிருந்து புதிய மொடல்களுக்கும், 2024 ஜூலையிலிருந்து அங்கே விற்கும் எல்லாப் புதுக் கார்களுக்கும். ஆனால் சட்டம் பிரேக் பிடிக்கச் சொல்லவில்லை. சத்தம், அதிர்வு, அக்சிலேட்டர் மிதி காலை மெல்லத் தள்ளுவது, எஞ்சின் வலுவைக் குறைப்பது: இவற்றில் ஒன்று இருந்தால் போதும். முந்த வேண்டுமா, அழுத்தி மிதியுங்கள், விட்டுக்கொடுக்கும். அணைக்கவும் முடியும், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது தானாகத் திரும்ப வந்துவிடும். அங்குள்ளவர்கள் இதற்கும் முணுமுணுக்கிறார்கள்.

கேள்வி: மீற்றரில் 50, போன் ஜிபிஎஸ்ஸில் 47. எது சரி? (செங்கலடி)

பதில்: நேர் வீதியில் ஒரே சீராக ஓடும்போது பார்த்ததென்றால் போன். மீற்றர் கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டக்கூடாது என்பதே தயாரிப்பாளர்களுக்கான விதி. கம்பனி கொடுத்ததைவிடப் பெரிய டயர் போட்டிருந்தால் கணக்கு மாறும்: சக்கரம் ஒரு சுற்றில் கூடத் தூரம் போகும், மீற்றருக்கு அது தெரியாது. அப்போது 50 காட்டும்போதே 50ஐத் தாண்டியிருக்கலாம்.