மறு: வயல் அழிஞ்சதும் கடன் முறிஞ்சதும் என்ர பிழையா?

தங்கச்சி, கிளிநொச்சி பரந்தன் பக்கம் 2 ஏக்கர் காலபோக (மாரிப்பருவ) நெல் வெள்ளத்தில போச்சு, 50,000 ரூபாய் நுண்கடனும் கட்டேலாமல் நிக்குது, அதைக் கட்ட இன்னொரு கடனும் எடுத்தாச்சு, சொந்தக்காரர் "பொறுப்பில்லாதவள்" எண்டு சொல்லுகினம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். அந்தச் சொல்லை மனசில ஏத்தாதேங்கோ, கணக்கைப் பாருங்கோ.

கிழமைக்கு 1,250 வீதம் 52 கிழமை, மொத்தம் 65,000. கடன் தந்தவை வட்டி 30% எண்டுதான் சொல்லியிருப்பினம். ஆனால் வாங்கின முதற்காசு கிழமைக்குக் கிழமை குறைய, வட்டி மட்டும் முழு 50,000க்கும் போட்டிருக்கு. உண்மையில வருசத்துக்கு 54% அளவில வரும். நெல்லுக்காசு கைக்கு வர மூண்டரை, நாலு மாசம். தவணையோ கடன் எடுத்த அடுத்த கிழமையே தொடங்குது. வெள்ளமே வராட்டிலும் அறுவடைக்கு முன்னம் 15 தவணை, 18,750 ரூபாய் எங்கயிருந்து வரும்? எவ்வளவு பாடுபட்டாலும் வயல் அதைத் தராது.

உங்கட பக்கப் பிழை ஒண்டுதான்: முதல் கடனைக் கட்ட இரண்டாவது எடுத்தது. இனி வேண்டாம்.

மிச்ச முதல், வட்டி, தண்டம் மூண்டையும் தனித்தனியா எழுத்தில கேட்டு, தவணையை அறுவடைக்குப் பிறகு மாத்தச் சொல்லிக் கிளை முகாமையாளருக்குக் கடிதம் குடுங்கோ. பிரதியில திகதியும் கையெழுத்தும் வாங்குங்கோ. கடன் குழுக் கூட்டத்தில வாயால சொன்னது பிறகு நிக்காது. பயிரழிவைக் கமநல சேவை நிலையத்தில பதியாட்டில் நாளைக்கே போங்கோ. அதுவரைக்கும் வயலை உழவேண்டாம், உழுதால் சேதத்தைக் காட்ட ஒண்டும் மிஞ்சாது.