பாரம் குறையுமா?

கேள்வி: கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். அரசுப் பள்ளியில் படிக்கும் 16 வயது மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டால் வீட்டுப் பாரம் குறையும் என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- வாசகி, பென்னாகரம்.

பதில்: குறையாது; கல்யாணத்துக்கு வாங்கும் வட்டிக் கடனும், வளைகாப்பு, பிள்ளைப்பேறு என்று தொடரும் சீர்வரிசையும் சேர்ந்து, உங்கள் கணவரை இன்னும் சில ஆண்டுகள் ஊர் திரும்ப விடாமல் செய்துவிடும். (மாமியாரை நான் குறை சொல்லவில்லை, அவரையும் அந்த வயதில்தான் கட்டிக்கொடுத்திருப்பார்கள்.) மேலும், 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் நடத்துவது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உங்கள் கணவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவரென்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்கிலேயே வரும் என்பதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அப்போதும் வற்புறுத்தினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.