நானோ சிகிச்சை வரும்வரை அம்மாவின் கீமோவைத் தள்ளிப்போடலாமா?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: "நானோ துகளை உடம்புக்குள் அனுப்பிச் சூடேற்றினால் புற்றுநோய் மட்டும் அழியுமாமே, அதுவரை அம்மாவின் கீமோவை நிறுத்தி வைக்கலாமா?"

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். குன்னூரில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். கோவையில் கீமோ ஏற்றிக்கொண்டு அன்றைக்கே பர்லியார் வளைவுகளில் பஸ்ஸில் ஏறி வருகிறவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். உங்கள் ஆசை நியாயமானதுதான்.

சூடேற்றும் முறை உண்மையிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய (அதுதான் நானோ) இரும்பு ஆக்சைடு துகள்களைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தி, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் ஆளைப் படுக்க வைப்பார்கள். துகள்கள் சூடாகும். 42, 43 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புற்றுச் செல்கள் நலிந்துபோய்க் கதிர்வீச்சுக்கு எளிதில் மடியும். மூளைக் கட்டிக்கு இதை ஐரோப்பாவில் 2010-இல் அனுமதித்தார்கள். புராஸ்டேட் புற்றில் தங்கம் பூசிய துகள்களை லேசரால் சூடேற்றிய சோதனையின் முதல் முடிவுகள் 2019-இல் வந்தன, அதில் சேர்ந்தவர்கள் 16 பேர்தான். இரண்டுமே ஓரிடத்தில் இருக்கும் கட்டிக்கானவை. பல உறுப்புகளுக்குப் பரவிய நோய்க்கு உதவாது.

துகள்கள் ரத்தம் வழியாகப் போய்க் கட்டியை மட்டும் சேரும்படி குறிவைப்பது இன்னும் கடினம். ரத்தத்தில் ஏற்றிய துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்தாண்டு கால விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த கணக்கு ஒன்று, செலுத்திய அளவில் சுமார் 0.7 சதவீதம்தான் கட்டியைச் சேர்கிறது என்றது. அதைப் படித்தபோது மனம் கனத்துப்போனது.

ஆனால் ஒன்று: அம்மா ஏற்கெனவே நானோ மருந்தில் இருக்கலாம். சீட்டில் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தின் பெயருக்கு முன்னால் 'லைபோசோமல்' என்று இருக்கிறதா பாருங்கள். கொழுப்பு உறைக்குள் அடைத்த அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1995-லேயே அனுமதி கிடைத்தது. சாதாரண டாக்சோரூபிசினைவிட இதயத்துக்குக் கெடுதல் குறைவு. அல்புமின் என்ற புரதத்தோடு சேர்ந்த பாக்லிடாக்செல் என்ற கீமோ மருந்தும் நானோ வகைதான், அது 2005-இல் வந்தது.

லைபோசோமல் என்றால் நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து தோல் உரியலாம், சூடும் உராய்வும் அதை மோசமாக்கும். ஏற்றிய பிறகு சில நாட்களுக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது, அடுப்பருகே கைநீட்டிக் குளிர்காய்வது, இறுக்கமான ஷூ எல்லாம் வேண்டாம். தேயிலை பறிக்கப் போகிறவர் என்றால் அந்த நாட்களில் கட்டாயம் லீவு. கை எரிந்தால் அடுத்த தவணைவரை பொறுக்காமல் டாக்டருக்கு உடனே போன் செய்யுங்கள், அளவையோ இடைவெளியையோ அவர் மாற்றித் தருவார்.