பத்திரத்தில் லிங்கன், அலுவலகம் கரிசோசோவில்: இதில் வில்லங்கம் உண்டா?

கேள்வி: டெக்சாஸில் வசிக்கிறோம். நியூ மெக்சிகோவில் ருயிடோசோ பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். விற்பவர் காட்டிய 1905ஆம் ஆண்டுப் பத்திரத்தில் 'லிங்கனில் பதிவானது' என்று இருக்கிறது. ஆனால் பதிவு அலுவலகம் கரிசோசோ என்ற ஊரில் என்கிறார்கள். லிங்கனுக்கே நேரில் போய்ப் பார்த்தோம்; அங்கே கோர்ட் கட்டடத்தில் டிக்கெட் கிழிக்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: நீங்கள் பார்த்தது உண்மையான கோர்ட்தான், ஆனால் ஓய்வு பெற்றது. 1905இல் லிங்கனில் பதிவானது என்றால் பதிவான இடம் சரியானதே. ருயிடோசோ இருப்பது லிங்கன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). அப்போது அதன் தலைமையிடம் அந்த ஊர்தான்.

லிங்கன் கவுண்டி 1869இல் உருவானது. லிங்கன் ஊரின் பழைய பெயர் லா பிளாசிட்டா. பழைய தாள்களில் அந்தப் பெயர் வந்தால் மிரள வேண்டாம். இன்று நீங்கள் பார்த்த இரண்டு மாடி மண்கல் கட்டடம் முதலில் மர்ஃபி என்பவரின் கடை. கடை நொடித்த பிறகு கவுண்டி அதை வாங்கிக் கோர்ட்டாக்கியது. பலமான சிறை இல்லாததால், தூக்குத் தண்டனை பெற்ற பிரபல துப்பாக்கிக் கொள்ளையன் 'பில்லி த கிட்'டை மாடியிலேயே விலங்கிட்டு வைத்திருந்தார்கள். 1881 ஏப்ரல் 28 அன்று காவலர் பெல்லைச் சுட்டுவிட்டு, எதிர்ச்சாரி ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்து சத்தம் கேட்டு ஓடிவந்த இன்னொரு காவலர் ஆலிங்கரை, அவருடைய துப்பாக்கியாலேயே மாடி ஜன்னலிலிருந்து சுட்டுத் தப்பினான். நீங்கள் டிக்கெட் வாங்கியது இந்தக் கதைக்குத்தான்.

ஊரைக் கவிழ்த்தது துப்பாக்கி அல்ல, ரயில். 1899இல் எல் பாசோவிலிருந்து வந்த பாதை லிங்கனைத் தொடாமல், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளிக் கரிசோசோ வழியாகப் போனது. பத்து வருடத்தில், 1909இல், தலைமையிடத்தை அங்கே மாற்ற வாக்களித்தார்கள். லிங்கன்காரர்கள் சும்மா விடவில்லை. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1913இல் கரிசோசோவுக்குச் சாதகமாக முடிந்தது. பதிவேடுகளும் தலைமையிடத்தோடு இடம் மாறின. ஆகவே உங்கள் 1905 பத்திரத்தின் மூலப் பதிவைக் கரிசோசோவில் உள்ள கவுண்டி கிளர்க் (பத்திரங்களைப் பதிந்து வைக்கும் அதிகாரி) அலுவலகத்தில்தான் தேட வேண்டும்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் வரும். ஒரு காலத்தில் இந்தக் கவுண்டி ராஸ்வெல் தாண்டித் தென்கிழக்கு நியூ மெக்சிகோ முழுக்கப் பரந்து கிடந்தது. 1889இல் சாவ்ஸ், எடி என்று இரண்டு கவுண்டிகளைப் பிரித்தார்கள். 1899இல் ஓட்டெரோவுக்கும் ஒரு பகுதி போனது. நாளைக்கு ராஸ்வெல் பக்கம் நிலம் பார்த்தால், 1889க்கு முந்தைய ஆவணங்களுக்கு லிங்கன் கவுண்டிப் பதிவுகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கும். பத்திரத்தின் தேதியில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதே முதல் கேள்வி. இன்றைய வரைபடம் அதற்கு உதவாது.

நம் ஊர் வில்லங்கச் சான்று மாதிரி அரசே தேடித் தரும் தாள் அங்கே கிடையாது. நில உரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி தேடும். தேடிய பிறகு, உரிமையில் குறை வந்தால் ஈடு தரும் காப்பீடும் விற்கும். விற்றவர், வாங்கியவர் பெயர் வரிசைப் பட்டியலைப் பிடித்து, உங்கள் விற்பவரிலிருந்து 1905 வரைக்கும், அதற்கும் முன்னே அரசு முதன்முதலில் நிலத்தைக் கொடுத்த பட்டயம் வரைக்கும் போகச் சொல்லுங்கள். அந்தப் பட்டயம் கவுண்டியில் கிடைக்காவிட்டால் பதற வேண்டாம். மத்திய அரசின் நில நிர்வாகத் துறை இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். நடுவில் ஸ்பானிய மொழித் தாள் வந்தால் மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுங்கள், தரகரின் 'சும்மா பழைய தாள் சார்' என்ற விளக்கத்தோடு விட்டுவிடாதீர்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன்: நியூ மெக்சிகோவில் நிலமும் தண்ணீரும் தனித்தனிச் சொத்து. மனையில் கிணறோ வாய்க்கால் பாசனமோ இருந்தால், கரிசோசோ பதிவு மட்டும் போதாது. மாநிலப் பொறியாளர் அலுவலகத்தில் தண்ணீர் உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.