மருத்துவச் சொற்களுக்கு வரையறை எழுதுதல்: கேள்வி பதில்

மருத்துவச் சொற்றொகுதிகளின் பதிவுகளைத் திருத்துவதும் அவற்றின் வரையறைகளைச் சரிபார்ப்பதும் என் தொழில். அது குறித்து வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செவிலியர் பட்டப்படிப்பு மாணவி): அம்மா, நல்ல மருத்துவ அகராதிகள் இருக்கும்போது தரப்படுத்தப்பட்ட சொற்றொகுதி என்று தனியாக ஒன்று எதற்கு?

பதில்: அகராதி சொல்லிலிருந்து தொடங்குகிறது, ஒரு சொல்லுக்கு வழக்கில் எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் பதிவு செய்கிறது. சொற்றொகுதியோ கருத்திலிருந்து தொடங்குகிறது. ஒரு கருத்துக்கு ஒரு முதன்மைப் பெயர், மாறாத ஓர் அடையாள எண், ஒரே வரையறை ஆகியவற்றைத் தந்துவிட்டு, மற்றப் பெயர்களையெல்லாம் அதன்கீழ் ஒருபொருட்சொற்களாகச் சேர்க்கிறது. மாரடைப்பு என்று ஒருவரும், மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்று இன்னொருவரும், எம்ஐ என்று சுருக்கமாக மூன்றாமவரும் எழுதினாலும் மூன்றும் ஒரே எண்ணில் வந்து சேரும். இங்கிலாந்தின் இறப்புப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபார், 1839இல் வெளியான முதல் ஆண்டறிக்கையிலேயே, ஒரே நோய் மூன்று நான்கு பெயர்களிலும் ஒரே பெயர் பல நோய்களுக்கும் வழங்கிவருவதைச் சுட்டிக்காட்டி, இயற்பியலுக்கு எடையும் அளவும் எவ்வளவு முக்கியமோ இத்துறைக்குப் பெயரிடுதலும் அவ்வளவு முக்கியம் என்று வாதிட்டார். அந்த வாதத்தில் இன்றைக்கும் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை.

கேள்வி (மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்): ஐசிடி, ஸ்னோமெட், மெஷ் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதாதா?

பதில்: போதாது, அவற்றின் நோக்கங்கள் வேறு. நோய்களின் பன்னாட்டு வகைப்பாடான ஐசிடி, எத்தனை பேருக்கு எந்த நோய், எத்தனை பேர் எதனால் இறந்தார்கள் என்று எண்ணுவதற்கானது. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் 1893இல் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலிலிருந்து வளர்ந்த அது, 1948 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஒவ்வோர் இறப்புக்கும் ஓர் அடிப்படைக் காரணத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டியிருப்பதால், அதன் பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. 2002இல் வெளியான ஸ்னோமெட் சிடி என்ற மருத்துவச் சொற்றொகுதி, மருத்துவர் கண்டதைக் கண்டபடியே நோயாளியின் பதிவில் எழுதுவதற்கானது. ஆகவே அதில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் உள்ளன. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்ட மெஷ் என்ற தலைப்புப் பட்டியல், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுப்பதற்கானது. அதற்கு ஏறத்தாழ 30,000 தலைப்புகளே போதுமாக இருக்கின்றன. மணிக்கட்டு எலும்பு முறிவு என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் கட்டுரை தேடுபவருக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கை, எந்த எலும்பு என்று எழுதாத நோயாளிப் பதிவு ஆபத்தானது.

கேள்வி (சமூக மருத்துவ முதுநிலை மாணவர்): சிறந்த வரையறை என்று நீங்கள் கருதும் ஒன்றைப் பிரித்து விளக்க முடியுமா?

பதில்: ஐசிடியில் உள்ள மகப்பேற்று மரணத்தின் வரையறையை எப்போதும் பரிந்துரைப்பேன். கர்ப்பமாக இருக்கும்போதோ கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தின் காலமும் அது தங்கிய இடமும் எதுவாக இருப்பினும், கர்ப்பத்தோடு தொடர்புடைய அல்லது அதனாலோ அதற்கான சிகிச்சையாலோ கடுமையடைந்த ஏதேனும் ஒரு காரணத்தால் ஒரு பெண் இறப்பது என்பதே அதன் சாரம். விபத்தாலும் தற்செயலான காரணங்களாலும் நேரும் இறப்புகள் இதில் சேரா.

இதில் வீணான தொடர் ஒன்றுகூட இல்லை. ‘கர்ப்பம் முடிந்து’ என்று இருப்பதால்தான் கருச்சிதைவுக்கும் கருக்கலைப்புக்கும் பிறகு இறந்தவர்கள் விடுபடுவதில்லை. ‘பிரசவத்துக்குப் பின்’ என்று எழுதியிருந்தால் அவர்கள் அனைவரும் கணக்கிலிருந்து மறைந்திருப்பார்கள். ‘தங்கிய இடம்’ என்பது கருப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பத்தையும் உள்ளே கொண்டுவருகிறது. ‘கடுமையடைந்த’ என்ற சொல், ஏற்கெனவே இதய நோய் இருந்து கர்ப்பத்தால் அது முற்றி இறந்தவரைச் சேர்க்கிறது. 42 நாள் என்பது எல்லை மட்டுமே. அதற்குப் பிறகு ஓராண்டுக்குள் நேர்பவற்றுக்குத் தாமதமான மகப்பேற்று மரணம் என்ற தனிச் சொல் இருக்கிறது. மிகக் கடினமானது ‘தற்செயல்’ என்ற சொல்தான். கர்ப்பகாலத் தற்கொலையை வெகுகாலம் பலர் தற்செயலான இறப்பாகவே பதிந்துவந்தனர். 2012இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி அதை நேரடி மகப்பேற்று மரணமாக, அதாவது கர்ப்பத்திலிருந்தே விளைந்த இறப்பாக, கொள்ளச் சொன்னது. வரையறையின் ஒரு சொல்லை எப்படிப் படிக்கிறோம் என்பது, எந்தப் பெண்ணின் இறப்பைப் பற்றி விசாரிக்கப் போகிறோம் என்பதையே தீர்மானிக்கிறது. இந்தப் பணியில் அலட்சியத்துக்கு இடமில்லை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கேள்வி (மருத்துவ மொழிபெயர்ப்பாளர்): புதிதாக ஒரு வரையறை எழுத அமரும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்? எண் வரம்புகளை அதற்குள்ளேயே எழுதலாமா?

பதில்: முதலில் அது எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதையும், பிறகு அந்த இனத்தின் மற்ற உறுப்புகளிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்பதையும் எழுதுங்கள். இரத்தசோகையைச் சோர்வும் மூச்சிரைப்பும் தரும் நோய் என்று எழுதினால், அவ்வறிகுறிகள் வேறு பல நோய்களிலும் உண்டு, அறிகுறியே இல்லாத இரத்தசோகையும் உண்டு என்பதால், அது இருபுறமும் தவறுகிறது. இரத்தத்தில் ஹீமோகுளோபினின் செறிவு, ஒருவரின் வயதுக்கும் பாலினத்துக்கும் உடல்நிலைக்கும் உரிய அளவைவிடக் குறைந்திருக்கும் நிலை என்பதே வரையறை.

எண்களை, இயன்றவரை, கண்டறியும் அளவுகோல் என்று தனியே வையுங்கள். வெறும் வயிற்றில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராம் என்றிருந்த நீரிழிவின் வரம்பை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997இல் 126 ஆகக் குறைத்தபோது, நோயாளிகளாகக் கருதப்படுவோரின் எண்ணிக்கை மாறியது. நீரிழிவு என்ற கருத்து மாறவில்லை. ஆனால் மகப்பேற்று மரணத்தின் 42 நாளைப் போல, எண்ணிக்கைக்காகவே உருவான கருத்தில் எண்ணும் வரையறையின் உறுப்பே.

கேள்வி (ஆய்வக நுட்பர்): பரிசோதனையின் பெயர் குளுக்கோஸ் என்று மட்டும் இருந்தால் என்ன குறை?

பதில்: எந்த மாதிரியில், எந்த நேரத்தில் அளந்தது என்பது தெரியாது. அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் தொடங்கிய, ஆய்வகப் பரிசோதனைகளுக்கான சொற்றொகுதியான லாயின்க், அளக்கப்படும் பொருள், அளவின் தன்மை, நேரம், மாதிரி, அளவுகோலின் வகை, தேவையானால் முறை என்ற கூறுகளால் பரிசோதனைக்குப் பெயர் அமைக்கிறது. இரத்தத்தில் அளந்ததும் சிறுநீரில் அளந்ததும் அதில் வேறு வேறு பதிவுகள்.

கேள்வி (மருத்துவ மாணவர்): காசநோயால் வரும் மூளையுறை அழற்சியைத் தொற்றுநோய்களில் வைப்பதா, நரம்பு மண்டல நோய்களில் வைப்பதா?

பதில்: மெஷ், ஸ்னோமெட் இரண்டும் ஒரு கருத்துக்குப் பல தாய்க் கருத்துகளை (அதை உள்ளடக்கும் மேல்நிலைக் கருத்துகளை) அனுமதிப்பதால், அங்கே இரண்டிலும் வைக்கலாம். ஐசிடியின் பத்தாம் பதிப்பு, காரணத்தைக் குறிக்கும் குறியீட்டுக்குக் குத்துவாள் குறியும் வெளிப்பாட்டைக் குறிப்பதற்கு நட்சத்திரக் குறியும் இட்டு இரண்டையும் சேர்த்து எழுதச் செய்தது. இடம் மாறுவதும் உண்டு: பத்தாம் பதிப்பில் இரத்த ஓட்ட மண்டலத்தில் இருந்த பக்கவாதம், 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் நரம்பு மண்டலத்துக்குச் சென்றுவிட்டது. இரு பதிப்புகளின் அத்தியாயக் கணக்குகளை நேருக்கு நேர் ஒப்பிடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

கேள்வி (மென்பொருள் பொறியாளர்): ஸ்னோமெட் எண்களைப் பார்த்து எதையும் ஊகிக்க முடியவில்லையே, ஏன் இப்படி அமைத்தார்கள்? ‘வேறெங்கும் வகைப்படுத்தப்படாதவை’ என்ற பதிவையும் அதில் காணோம்.

பதில்: மருத்துவத் தகவலியல் அறிஞர் ஜேம்ஸ் சிமினோ 1998இல் எழுதிய கட்டுரையில் இரண்டுக்கும் காரணம் சொல்லியிருக்கிறார். எண்ணுக்குள் நோயின் இடத்தைப் பொதிந்து வைத்தால், அறிவு வளர்ந்து இடம் மாறும்போது எண்ணையும் மாற்ற நேரும். பழைய பதிவுகள் பொருளிழக்கும். ‘மற்றவை’ என்ற பதிவோ, புதிய கருத்து ஒன்று பட்டியலில் சேரும்போதெல்லாம் அறிவிப்பின்றித் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. ஐசிடி போன்ற வகைப்பாட்டில் அது தவிர்க்க முடியாதது, ஏனெனில் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் தேவை. நோயாளியின் பதிவில் அதை அனுமதிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி (ஆய்வு உதவியாளர்): எங்கள் ஆய்வில் நாங்களே தொகுத்த நோய்ப்பட்டியலை மெஷ் தலைப்புகளோடு பொருத்த வேண்டியிருக்கிறது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காகப் பொருத்திவிடாதீர்கள்; மெஷில் ஒவ்வொரு தலைப்புக்கும் உள்ள எல்லைக் குறிப்பைப் படித்து, உங்கள் வரையறையோடு ஒப்பிடுங்கள். சமம், உங்களுடையதைவிட விரிந்தது, குறுகியது என்று மூன்று உறவுகளில் எது பொருந்துகிறது என்பதை ஒவ்வொரு வரியிலும் குறியுங்கள். ஏறத்தாழப் பொருந்துவதைச் சமம் என்று எழுதுவதால் விளையும் பிழையைப் பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஆண்டின் பதிப்போடு பொருத்தினீர்கள் என்பதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி ஒதுக்குங்கள். மெஷ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவதால், எந்த வரிகளை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது அந்தப் பத்தியிலிருந்துதான் தெரியவரும்.